தக்கைப்பூண்டும் அசோஸ்பைரில்லமும் போட்ட மக்காச்சோளத்துக்கு யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்?

கேள்வி இதுதான். குமரி மாவட்டம் பூதப்பாண்டி பக்கம் 50 சென்ட் வயல். கன்னிப்பூ (முதல் போக) நெல் போடாமல் ஜூனில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, 70 நாள் வளர்த்து, ரொட்டவேட்டர் விட்டு மடக்கியிருக்கிறீர்கள். நாலாம் நாள் வீரிய ஒட்டு மக்காச்சோளம் ஊன்றியாயிற்று. விதையில், காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் அசோஸ்பைரில்லம் பாக்டீரியாவைக் கலந்தீர்கள். "பசுந்தாளும் இருக்கு, பாக்டீரியாவும் இருக்கு" என்று அடியுரத்தை விட்டுவிட்டு, 20ஆம் நாள் 20 கிலோ யூரியா மட்டும் போட்டீர்கள். இடையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. இன்று 28ஆம் நாள், பயிர் மஞ்சள். உரத்தைக் குறைக்கச் சொன்ன ஆலோசனையே தவறா என்று கேட்கிறீர்கள்.

ஆலோசனை தவறில்லை. குறைத்த இடம் தவறு. யூரியா, பசுந்தாள், பாக்டீரியா மூன்றும் தழைச்சத்துதான் (நைட்ரஜன்) தருகின்றன, ஆனால் தரும் நேரம் வேறு வேறு. யூரியா இரண்டு மூன்று நாளில் கரைந்து வேருக்கு எட்டும். மடக்கிய பசுந்தாள் இளசாக இருந்தால் இரண்டு வாரத்தில் தர ஆரம்பிக்கும். முற்றியிருந்தால் முதலில் மண்ணிலிருந்து வாங்கிக்கொண்டு, பிறகுதான் திருப்பித் தரும். அசோஸ்பைரில்லம் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும், சில வயலில் தராமலும் போகும். ஆகவே குறைப்பதாக இருந்தால் 25ஆம் நாள், 45ஆம் நாள் மேலுரத்தில் குறைக்க வேண்டும். விதைக்கும்போது போடும் அடியுரத்தில் கைவைக்கக் கூடாது. நீங்கள் கைவைத்தது அங்கேதான்.

முதலில் நிற்கிற பயிரைப் பார்ப்போம். மஞ்சள் எந்த இலையில், எப்படி என்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடி இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பை ஒட்டி 'V' மாதிரி உள்ளே இறங்கினால் தழைச்சத்துக் குறை. அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் பொட்டாஷ். அடி இலையில் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி வெளிறிக் கோடு கோடாக இருந்தால் மக்னீசியம். மழையில் கழுவிப் போகும் நம் மாவட்டத்துப் புளிப்பு மண்ணில் இதை எதிர்பார்க்கலாம். இளம் இலையில் நடு நரம்பின் இரு பக்கமும் வெள்ளைப் பட்டை ஓடினால் துத்தநாகம். இலையில் ஊதா படர்ந்தால் மணிச்சத்து எட்டவில்லை, அல்லது வேர் தண்ணீரில் நின்று முடங்கியிருக்கிறது. நீங்கள் சொன்ன வரிசையைப் பார்த்தால் முதலாவதுதான் இருக்கும். ஆனாலும் இலையைப் பார்க்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

தழைச்சத்துதான் என்று உறுதியானால், நின்ற தண்ணீரை வடித்து, மண் நடக்கக் காய்ந்ததும் 50 சென்ட்டுக்கு 35 கிலோ யூரியாவை வரிசையிலிருந்து நாலு விரல் தள்ளிக் கோடு கிழித்துப் போட்டு மண் அணைத்து மூடுங்கள். செடியின் குருத்துக்குள் குருணை விழுந்தால் இலை வெந்துபோகும்; வீசித் தெளிக்க வேண்டாம். அதே வாரம் 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் யூரியா, 50 கிராம் துத்தநாக சல்பேட் கலந்து மாலையில் இலைமேல் அடிக்கலாம். இது பசி தாங்க ஒரு வாய் கஞ்சி, சாப்பாடு இல்லை. 45ஆம் நாள் இன்னும் 30 கிலோ யூரியா. அதற்குள் தக்கைப்பூண்டு பிடித்து வைத்ததில் ஒரு பங்கும் திரும்ப வர ஆரம்பித்திருக்கும். முழு விளைச்சல் வராது. கதிர் வரும்.

இனி அடுத்த தடவைக்கான கணக்கு.

நீர்ப்பாசன வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டருக்கு தழை, மணி, சாம்பல் 250:75:75 கிலோ. ஏக்கருக்கு 100:30:30. நம் ஊரில் எல்லாரும் சென்ட் கணக்கில்தான் பேசுவோம், அதற்கு இது வசதியான எண்: சென்ட்டுக்கு ஒரு கிலோ தழைச்சத்து. மணிச்சத்துக்கு ஏக்கருக்கு 65 கிலோ டிஏபி போட்டால் அதிலேயே ஏறக்குறைய 12 கிலோ தழைச்சத்து வந்துவிடும். மீதி 88 கிலோவுக்கு யூரியா 192 கிலோ. பொட்டாஷ் 50 கிலோ. தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், கால் பங்கு 45ஆம் நாள். யூரியாவாகப் பிரித்தால் அடியில் 29 கிலோ, 25ஆம் நாள் 109, 45ஆம் நாள் 54.

இந்த 100 கிலோ முழுவதும் பயிருக்குப் போகிறது என்று நினைக்க வேண்டாம். ஒரு டன் தானியம் விளைய மக்காச்சோளம் எடுப்பது சுமார் 20 முதல் 25 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு இரண்டரை டன் என்றால் 60 கிலோ போதும். மீதி எங்கே? கொஞ்சம் மண்ணில் தங்கும். கொஞ்சம் மேலே தூவிவிட்ட யூரியாவிலிருந்து அம்மோனியாவாகப் பறக்கும். கொஞ்சம் தண்ணீர் நின்ற வயலில் வாயுவாகப் போகும். மணல் கலந்த நிலத்தில் பெரும்பங்கு மழையோடு வேருக்குக் கீழே இறங்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஆகவே தரிசுக் காலத்தில் மண்ணை மூட வளர்க்கும் மூடுபயிரையும் பாக்டீரியாவையும் 'யூரியாவுக்குப் பதில்' என்று பார்ப்பதைவிட, 'யூரியா வீணாவதைக் குறைக்கும் ஏற்பாடு' என்று பார்ப்பதே சரி. தரிசாகக் கிடக்கும் நிலத்தில் மழை அடித்துக்கொண்டு போகும் நைட்ரேட்டை மூடுபயிரின் வேர் பிடித்து வைக்கிறது. அவரைக் குடும்பத்துப் பயிரானால் காற்றிலிருந்தும் சேர்க்கிறது. அசோஸ்பைரில்லம் வேர்த்தூவியைப் பெருக்கினால், போட்ட உரத்தில் அதிகப் பங்கு பிடிபடும்.

பசுந்தாளின் கணக்கைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தராசில் நிறுங்கள். மடக்குகிற அன்று வயலில் நாலு இடத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, தரையோடு அறுத்து, எடை போட்டுச் சராசரி எடுங்கள். சதுர மீட்டருக்கு 2 கிலோ பச்சை என்று வைத்தால் ஏக்கருக்கு 8 டன். அதில் உலர்பொருள் ஐந்தில் ஒரு பங்கு, 1.6 டன். இளசான தக்கைப்பூண்டு, சணப்பில் உலர்எடையில் தழைச்சத்து சுமார் 2.5 சதவீதம். ஆக 40 கிலோ. இந்த 40 அப்படியே மக்காச்சோளத்துக்கு வராது. முதல் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை. நான் 15 கிலோ என்றுதான் வைப்பேன். 15 கிலோ தழைச்சத்து என்பது 33 கிலோ யூரியா. முக்கால் மூட்டை. "ஏக்கருக்கு நாலு மூட்டையும் மிச்சம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆகவே 25ஆம் நாள் 109க்குப் பதிலாக 76 கிலோ. அடியுரம் 29 கிலோ யூரியாவும் டிஏபியும் அப்படியே. 45ஆம் நாள் 54 அப்படியே. உங்கள் 50 சென்ட்டுக்கு எல்லாவற்றிலும் பாதி.

எடையைவிட முக்கியம் வயது. மண்ணில் மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். அவை தின்னும் பொருளில் கரிமம் 25 பங்குக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் கணக்குச் சரியாகப் போகும். 45 நாள் தக்கைப்பூண்டு இதற்கு நன்றாகக் கீழே நிற்கும். மிச்சத்தை உடனே பயிருக்கு விடும். 70 நாளில் தண்டு கட்டையாகி, விகிதம் 30க்கு மேல் போய்விடும். அப்போது நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும், உங்கள் நாற்று பட்டினி கிடக்கும். உங்கள் வயலில் நடந்தது இதுதான். நின்ற தண்ணீர் மீதியையும் கெடுத்தது. புதுத் தழை மடக்கிய மண்ணில் தண்ணீர் நின்றால் உயிர்க்காற்று வேகமாகத் தீரும். காற்றில்லாத இடத்து பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கி விட்டுவிடும். நெல்லுக்குத் தண்ணீரோடு மடக்குவது பழக்கமானதால் மக்காச்சோளத்துக்கும் அப்படியே செய்கிறார்கள். நெல்லின் கதை வேறு. அது தழைச்சத்தை அம்மோனியம் வடிவிலேயே எடுத்துக்கொள்ளும், காற்றில்லாத மண்ணிலும் நிற்கும்.

பரிசோதனை எளிது. தண்டை நடுவில் முறியுங்கள். சடக்கென்று முறிந்தால் மடக்கும் பதம். நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் தாண்டிவிட்டது. சணப்புக்கு இது இன்னும் கறார். கயிறு திரிக்கிற நாரே அதில்தானே எடுக்கிறார்கள். பூ எடுக்கத் தொடங்கும் போதே மடக்கிவிட வேண்டும், 45 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பதத்தில் மடக்கினால் 7 முதல் 10 நாள் விட்டு மக்காச்சோளம் ஊன்றலாம். மூன்று நாளில் ஊன்றினால் அழுகும் தழையின் சூடும் பூஞ்சையும் முளைப்பைக் கெடுக்கும். ஒரு மாதம் கழித்தால் விடுபட்ட தழைச்சத்து மழையோடு போய்விடும், குறிப்பாகச் செம்மணல் விளையில் (மேட்டுத் தோட்ட நிலத்தில்). முற்றிய பின் மடக்க நேர்ந்தால் மூன்று வாரம் விட்டு, அடியுரத்தில் ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து கூடுதலாக, அதாவது 22 கிலோ யூரியா, கொடுத்து ஊன்றுங்கள். கம்பு, சோளம் போன்ற புல் வகையை மூடுபயிராக வளர்த்தாலும் இதே விதிதான். அவை களையை அமுக்கும், மண்ணைப் பிடிக்கும். தழைச்சத்தைப் பொறுத்தவரை கடன்காரர்கள்.

எது எங்கே? தண்ணீர் நிற்கக்கூடிய வயலுக்கும் கல்குளம், விளவங்கோடு பக்கத்து ஏலாவுக்கும் (பள்ளத்து வயல்வெளி) தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை. மேட்டு விளைக்குச் சணப்பு, 10 முதல் 14 கிலோ. தண்ணீர் கட்டினால் படுத்துவிடும். காய் பறித்துக்கொண்டு பிறகு மடக்க ஆசைப்பட்டால் தட்டைப்பயறு, 12 முதல் 15 கிலோ. ஆனால் காய் போன பிறகு மடக்கும் தட்டைப்பயறில் தழைச்சத்தின் நல்ல பங்கு பயறோடு வீட்டுக்குப் போயிருக்கும். கணக்கில் பாதிதான் வையுங்கள். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுத்த ஈரத்தில் காணம் (கொள்ளு) தூவிவிடுவதும் வெறும் தரிசைவிட மேல். ரப்பர் நட்டவர்கள் புரேரியா, முக்குனா கொடிகளை நன்கு அறிவார்கள். அவை ஆண்டுக்கணக்கில் படர வேண்டிய தோட்டத்துக்கானவை. மக்காச்சோளத்துக்குள் விட்டால் செடியின் மேலேறி அமுக்கிவிடும்.

எதை விதைத்தாலும் 30ஆம் நாள் நாலு செடியைப் பிடுங்காமல் தோண்டி எடுத்து வேர் முண்டை (வேரில் கட்டும் முடிச்சை) நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளை, பச்சை, பழுப்பு என்றால் அந்தப் பயிர் காற்றிலிருந்து எதுவும் எடுக்கவில்லை. உங்கள் மண்ணில் இருந்ததையே எடுத்து உங்களுக்கே திருப்பித் தரப்போகிறது. அடுத்த முறை அந்தப் பயிருக்குரிய, முண்டு கட்டும் பாக்டீரியாவான ரைசோபியம் கலந்து விதையுங்கள். மேற்குப் பகுதியின் செம்பொறை மண்ணில் முண்டு வராததற்குப் பெரும்பாலும் காரணம் புளிப்பு. கார அமில நிலை (pH) 5.5க்குக் கீழே போனால் ரைசோபியமும் திணறும், மக்காச்சோள வேரும் குட்டையாகும், போட்ட மணிச்சத்தும் இரும்பு, அலுமினியத்தோடு பூட்டிக்கொள்ளும். மண் பரிசோதனை முடிவைப் பார்த்து ஏக்கருக்கு 100 முதல் 200 கிலோ சுண்ணாம்போ டோலமைட்டோ, மூடுபயிர் விதைக்கும் முன்பே போட வேண்டும். டோலமைட் என்றால் மக்னீசியமும் சேர்ந்து கிடைக்கும். சுண்ணாம்புக்கும் யூரியா, டிஏபிக்கும் இரண்டு வார இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தழைச்சத்து அம்மோனியாவாக மூக்கில் ஏறும். சந்தேகத்துக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். டிபிஎஸ் நெல் ரகங்கள் வந்த அதே திருப்பதிசாரம்தான்.

அசோஸ்பைரில்லத்துக்கு வருவோம். இதில்தான் எதிர்பார்ப்பு அதிகம், தவறும் அதிகம். பயறு வேரில் ரைசோபியம் வீட்டோடு மாப்பிள்ளை: முண்டுக்குள் குடியிருந்து, சம்பாதிப்பதை நேரே செடியிடம் கொடுக்கும். மக்காச்சோள வேரில் அசோஸ்பைரில்லம் திண்ணையில் வந்து உட்காருகிறவர். முண்டு கட்டாது, வேரைச் சுற்றியும் வேர்த் தோலின் இடுக்கிலும் இருக்கும். அது பிடிக்கும் தழைச்சத்தில் செடிக்குக் கிடைப்பது சொற்பம். அதன் பெரிய உதவி, அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கியால் பக்கவேரும் வேர்த்தூவியும் பெருகுவது. பிரேசிலில் ஜோகன்னா டோபரெய்னர் இந்தப் பாக்டீரியா பற்றிச் செய்த ஆய்வுகள் புகழ்பெற்றவை. அங்கே இன்று மக்காச்சோள விதையோடு இதைச் சேர்ப்பது வழக்கம். ஆனால் அங்கும் உரத்தோடு சேர்த்துத்தான் போகிறது, உரத்துக்கு மாற்றாக அல்ல. நன்றாகப் பிடித்த வயலில் ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ தழைச்சத்துக்குச் சமமான பலன் எதிர்பார்க்கலாம். முதல் ஆண்டு கணக்கில் பூஜ்யம் என்று வையுங்கள்.

உங்கள் விதை விஷயத்தில் அது பூஜ்யமாகவே போயிருக்கும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை சிவப்பாகவோ பச்சையாகவோ பூசப்பட்டு வருகிறதே, அது பூஞ்சைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும். அதன்மேல் பாக்டீரியாவைப் பூசுவது விஷத்தட்டில் சோறு பரிமாறுவது. பூசிய விதையானால் பாக்டீரியாவை மண்ணில் கொடுங்கள்: ஏக்கருக்கு 200 கிராம் பொட்டலம் நாலு, 10 கிலோ நன்கு மட்கிய தொழுவுரத் தூளில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு ஓரிரவு வைத்து, மறுநாள் மாலை விதைக்கும் கோட்டில் தூவி உடனே மூட வேண்டும். பூசாத விதை, சொந்த ரகம் என்றால் ஏக்கர் விதைக்கு ஒரு பொட்டலம், ஆறிய அரிசிக் கஞ்சி 300 மில்லி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தல், அன்றே விதைப்பு. அசோபாஸ் கிடைத்தால் மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியாவும் சேர்ந்தே வரும்.

பொட்டலத்தில் தேதியைப் பாருங்கள். தூள் வடிவத்துக்கு ஆறு மாதம்தான். தகரக்கூரைக்கடியில், பூச்சிமருந்துப் பெட்டியின் மேல் இருந்த பொட்டலம் தேதி முடியாமலே செத்திருக்கும். சாம்பல், சுண்ணாம்பு, யூரியா, டிஏபி எதனோடும் ஒரே சட்டியில் கலக்காதீர்கள். அடியுரம் ஒரு கோட்டில், பாக்டீரியா விதைக்கோட்டில், நடுவே நாலு விரல் இடைவெளி. வேரைச் சுற்றி யூரியா குவிந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கும் வேலையைப் பாக்டீரியா நிறுத்திவிடும். கேட்காமலே சோறு கிடைத்தால் யார் உழைப்பார்?

இது உங்கள் நிலத்தில் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே நேர்மையான வழி பட்டை விடுவது. வயலின் ஒரு ஓரத்தில் நாலு வரிசைக்கு யூரியாவைக் குறைக்காமல் முழு அளவு கொடுங்கள். இன்னொரு நாலு வரிசைக்குப் பாக்டீரியா இல்லாமல் மற்ற எல்லாம். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். 40ஆம் நாள் முழு உரப்பட்டையும் மற்ற பயிரும் ஒரே பச்சையாக இருந்தால் 45ஆம் நாள் யூரியாவில் இன்னும் 17 கிலோவைத் தைரியமாகக் குறைக்கலாம். பட்டை தனியாகக் கரும்பச்சையாகத் தெரிந்தால் குறைத்ததைத் திருப்பிப் போடுங்கள். கதிர் வரும் முன் இன்னும் நேரம் இருக்கிறது. பாக்டீரியா பட்டையைக் கண்ணால் அல்ல, அறுவடையில் கதிர் எடை போட்டுத்தான் சொல்ல முடியும்.

காலம். பூதப்பாண்டிப் பக்கத்து வயலுக்கு ஒரு யோசனை: கன்னிப்பூ நெல்லை விடாதீர்கள். அதை எடுத்துவிட்டு, கும்பப்பூவுக்குப் பதிலாக நவம்பர் முதல் வாரம் தக்கைப்பூண்டு. வடகிழக்கு மழையில் நிற்கும். பகல் குறைந்த மாதமானதால் சீக்கிரம் பூக்கும், தழை குறையும். விதையை 25 கிலோ ஆக்குங்கள், எடை போட்டுக் கணக்கைத் திருத்துங்கள். டிசம்பர் மூன்றாம் வாரம் மடக்கி, மாதக் கடைசியில் 60 சென்டிமீட்டர் பாரில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு விதை, ஏக்கருக்கு 8 கிலோ. பூட்டை (உச்சியில் ஆண்பூ) வந்து பட்டுநூல் விடும் 55 முதல் 65 நாள்தான் தண்ணீருக்கு உயிர்நாடி. அது பிப்ரவரிக் கடைசியில் விழும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் வழக்கமாக அதுவரை வாய்க்காலில் வரும். பிறகு ஒன்றிரண்டு நனைப்புக்குக் கிணறு போதும். ஏப்ரல் வெயிலில் கதிர் காயும்.

விளைக்காரர்களுக்கு: ஆகஸ்டில் சணப்பு, செப்டம்பர் கடைசியில் மடக்கு, அக்டோபர் தொடக்கத்தில் ஊன்றல். மழையில் யூரியா நிற்காது, ஆகவே மூன்று தடவைக்குப் பதில் நாலாக, தழைச்சத்தை 20, 30, 30, 20 கிலோ வீதம் விதைப்பு, 20, 35, 50ஆம் நாள்களில் பிரியுங்கள். பசுந்தாளுக்கான 15 கிலோவை 35ஆம் நாளில் கழியுங்கள். அடைமழை வரும் என்று தெரிந்த நாளில் போடாதீர்கள், லேசான தூறல் நல்லது. மணி காயவைக்க வெயில் இருக்காது, பச்சைக் கதிராக விற்பதாக இருந்தால் மட்டும் இந்தப் பட்டம். நடுவயதுத் தென்னையின் நிழலில் எந்தப் பட்டமும் உதவாது. அங்கே முழு உரம் போடுவது தண்டு நீளத்தான்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் பக்கம் ஜூன், ஜூலையில் ஊன்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூரியா கூடி பொட்டாஷ் குறைந்த பயிர் அங்கே நிற்காது, படுத்துவிடும். பொட்டாஷில் பாதியை 45ஆம் நாளுக்கு வைத்து, இரண்டு முறை மண் அணையுங்கள். படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து கொழுத்த பச்சைப் பயிர் அதற்கு விருந்து. 15ஆம் நாளிலிருந்து வாரம் இரண்டு முறை குருத்தைப் பிரித்துப் பாருங்கள். வரப்போரம் மூன்று வரிசை தட்டைப்பயறோ எள்ளோ விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். அந்தத் தட்டைப்பயறைக் காய் பறித்த பிறகு பிடுங்கி எறியாமல், மக்காச்சோள வரிசைக்கு நடுவே அறுத்துப் போட்டால் மூடாக்காகக் கிடக்கும்.